இரண்டு பெண்களுக்கு ஒரு ‘கே’

ஆந்திராவில், புத்தூர் பக்கம் ஒரு டிகிரி காலேஜில் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. புரோகிராம் எழுத யாரும் சொல்லித் தரவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது, ஆள் வராத மத்தியானங்களில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் எங்கள் நைனா, “ஒயரப் புடுங்கி ஒயரச் சொருவறான்” என்பார். பெரிய தப்பில்லை.

காலேஜில் இரண்டு மென்பொருள் இருந்தன. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று சொல்கிற ஒன்று லைப்ரரியில். அட்மிஷன் முதல் டி.சி. வரைக்கும் பார்க்கிற இன்னொன்று ஆபீஸில். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் படிப்பு முடித்த பிள்ளைகள் ‘நோ டியூஸ்’ தாளை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடப்பார்கள். புத்தகமெல்லாம் வந்துவிட்டது என்று லைப்ரரி மேடம் கையெழுத்துப் போட்டால்தான் ஆபீஸ் கிளார்க் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எடுத்துத் தருவார். இந்த நடையை ஒழித்துவிடலாம், நடுவில் ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று பிரின்சிபாலிடம் நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

“அதுக்குப் பேரு என்ன?” என்று லைப்ரரி மேடம் கேட்டார். அவர் தெலுங்குக்காரர், ஆனால் சித்தூரில் படித்தவர், தமிழ் தண்ணீராக வரும்.

“மிடில்வேர் மேடம். நடுவுல நின்னுக்கினு, இங்க சொல்றத அங்க புரியற மாதிரி சொல்லும்.”

“கல்யாணப் புரோக்கர்னு சொல்லு.”

அன்றிலிருந்து காலேஜில் அதற்குப் பேர் புரோக்கர்.

புரோக்கருக்கு ஒரு சிக்கல் இருந்தது. லைப்ரரியில் கார்டு நம்பர், ஆபீஸில் அட்மிஷன் நம்பர், இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. எந்தக் கார்டு எந்தப் பிள்ளையுடையது என்று பேரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேர் என்றாலே எங்கள் பக்கத்தில் ஒரு சங்கதி உண்டு. தெலுங்குக்காரர்களுக்கு இண்டிபேரு இருக்கிறது, அதாவது குடும்பப் பேர். அது முன்னால் வரும். தமிழ் பேசுகிற எங்களுக்கு அது கிடையாது, அப்பா பேரின் முதலெழுத்து மட்டும்தான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பாரத்தில் இண்டிபேருக்கு ஒரு கட்டம் அடித்திருப்பார்கள். கட்டத்தைக் காலியாக விட எந்தச் சாருக்கும் மனசு வராது. “மீ இண்டிபேரு ஏமிட்டி?”, உன் குடும்பப் பேர் என்ன என்பார். பிள்ளை முழிக்கும். அவரே ஊர்ப் பேரையோ அப்பா பேரையோ போட்டு நிரப்பிவிடுவார். எனக்கு விழுந்தது ஊர்ப் பேர், என் தம்பிக்கு விழுந்தது அப்பா பேர். ஒரு பேங்கில் எங்கள் இரண்டு பேர் சர்ட்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?” என்று கேட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஆள்தான் அந்தப் புரோகிராமை எழுதினேன். முன்னெழுத்து, பேர், சேர்ந்த வருஷம், மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். இரண்டு ஆள் ஒத்துப்போனால்? முதலில் கிடைத்தவரை எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினேன். பசி நேரம். அப்படி எங்கே வரப்போகிறார்கள் என்று சாப்பிடப் போய்விட்டேன்.

வந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேடம் என்னை லைப்ரரிக்குக் கூப்பிட்டார். சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்த, பி.காம். முடித்த ஒரு பெண் அவர் மேஜை முன்னால் நின்றிருந்தாள். ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பாக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் ஒரிஜினலோடு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ அவள் பேருக்கு நேரே சிவப்பாக இருக்கிறது: லைப்ரரி புத்தகம் ஒன்று பாக்கி.

“பிசிக்ஸ் புக்காம் சார். நான் பி.காம். அந்தத் தடி புக்க எடுத்துக்கினு போயி என்னா பண்ணப் போறேன், ஊறுகா ஜாடிய மூடி வெக்கவா?” பேச்சு வேடிக்கையாக வந்தது, விரல் மட்டும் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

“எதனா துன்னியாம்மா?”

“அந்தச் செவப்பு போவட்டும் சார், அப்பறம் துன்றேன்.”

தேடிப் பார்த்தேன். அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை; நகரி, புத்தூர் பக்கம் எந்த வகுப்பிலும் இரண்டு பேருக்காவது இருக்கிற பேர். அதே வருஷம் அதே பேரில் பி.எஸ்சி.யில் ஒரு தெலுங்குப் பெண்ணும் சேர்ந்திருக்கிறாள், இரண்டு பேருக்கும் முன்னெழுத்து ‘கே’. இவளுடைய ‘கே’ அப்பா பேர், சார் புண்ணியத்தில் இண்டிபேரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய ‘கே’ நிஜமான இண்டிபேரு. என் புரோகிராம் இரண்டு கார்டையும் முதலில் கிடைத்த இவள் கணக்கிலேயே போட்டுவிட்டது.

“உன் புரோக்கர் அந்தப் பொண்ணு புக்க இந்தப் பொண்ணு தலைல கட்டிட்டான்,” என்றார் மேடம்.

இன்னொரு கார்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டோம். அந்தப் பெண் திருப்பதியில் கோச்சிங் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். ஆமாம், புத்தகம் தன்னிடம்தான் இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னாள். போன வாரமே சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள், யாரும் கேட்கவில்லை, சரி எனக்கே விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றாள். மேடம் போனைப் பிடுங்கி, தெலுங்கிலேயே, “நான் விடற ஆளா? மூணு வருஷமா என்னப் பாத்தல்ல?” என்றார்.

இரண்டு கார்டையும் அதனதன் ஆளோடு கையால் சேர்த்து, புரோகிராமை ஓட்டிவிட்டுக் கீழே ஆபீஸுக்குப் போனோம். சிவப்பு பச்சையாகியிருந்தது. கிளார்க் திரையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“காலைல பாக்கி இருக்குதுன்னுச்சு. இப்ப இல்லங்குது. நான் எத நம்பறது?”

“இப்ப சொல்றத நம்புங்க சார்.”

“காலைலயும் இதே மொகத்தோடதானய்யா சொல்லிச்சு?”

பிரின்சிபால் திருப்பதியில் மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மணி மூன்றரை, நான்கு மணிக்கு ஆபீஸ் பூட்டிவிடும். கிளார்க் பொல்லாதவர் இல்லை. புத்தகப் பாக்கி இருக்கிற ஆளிடம் சர்ட்டிபிகேட் போனால் அவர் சட்டையைத்தான் பிடிப்பார்கள், போன வாரம் ஒன்று அப்படிப் போயே விட்டது.

“எழுதிக் குடு,” என்றார்.

‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தெலுங்கில் ஆரம்பித்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியோடு திருப்பித் தள்ளினார்.

“கோளாறுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?”

வேறு தாள் எடுத்தேன். ஒரே பேரில் இரண்டு பேர் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் புரோகிராம் எழுதியது நான், இந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதினேன். அவர் படித்து, என் தெலுங்கில் இரண்டு எழுத்தைத் தன் பேனாவால் திருத்தினார். மேடம் கீழே கையெழுத்துப் போட்டார். பீரோ திறந்தது. அந்தப் பெண் சர்ட்டிபிகேட்டில் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “பஸ்ஸு எத்தினி மணிக்கு சார்?” என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினாள்.

அந்த ஒரு வரியை அன்றைக்கே மாற்றினேன். இப்போது இரண்டு பேர் ஒத்துப்போனால் புரோகிராம் எதையும் எடுக்காது, நின்றுவிடும். யாராவது ஒரு மனிதர் கேட்டுச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அப்படி நின்ற பேர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கேட்டேன்: உன் முன்னெழுத்து இண்டிபேரா, அப்பா பேரா? ஒரு பையன், “எங்க ஏழாங்கிளாஸ் சார் போட்டது சார், அவரத்தான் கேக்கணும்” என்றான்.

இந்தப் போன்களுக்கு நடுவில் சத்தியவேட்டுப் பெண் கூப்பிட்டாள்.

“சேத்துக்கினாங்க சார். ஐ.டி. கார்டுகூடக் குடுத்துட்டாங்க. ஆனா அதுல எங்கப்பா பேர எம்பேராவும், எம்பேர மொதலெழுத்தாவும் அடிச்சி வெச்சிருக்காங்க. பரவால்ல, கேட்ல உள்ள உடறாங்க. உட்டுடலாமா?”

“உடாதம்மா,” என்றேன். “இப்பவே போய் மாத்தச் சொல்லு.”

“புதுசா சேந்துட்டு மொத நாளேவா சார்?”

“மொத நாளேதான்.”