நீச்சல் குளத்தில் முடிந்த கூட்டம்

கூட்ட அறைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டவை தலைகள்தான். உள்ளே ஆறு ஆண்கள், ஆறு தலையும் ஈரம். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட். எங்கள் கம்பெனியின் இயக்குநர் குழுக் கூட்டம் அங்கே நடந்தது. காருக்கான ஒயர் கட்டுகள் செய்கிறோம்; ஆபீஸ் நாவலூரில், ஃபேக்டரி செங்கல்பட்டுக்கு வெளியே. ட்ரெய்னியாகச் சேர்ந்து, உற்பத்தி முழுவதையும் பார்க்கும் இடத்துக்கு வந்தவள் நான். போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள்.

அன்றைக்குப் பேச வேண்டியது பஸ் விஷயம். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றி வந்து, ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடும் கம்பெனி பஸ். செலவு அதிகமாம், நிறுத்த வேண்டுமாம். வாசலுக்கே பஸ் வருகிறது என்பதால்தான் அந்த வீடுகளில் பெண்களை வேலைக்கு அனுப்புகிறார்கள். பஸ் நின்றால் அவர்கள் வேலையும் போச்சு. நானும் ஒருகாலத்தில் அதே பஸ்ஸில் வந்தவள். அதையெல்லாம் சொல்லத்தான் தயாராகிப் போயிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், "அது காலைலயே பேசி முடிச்சாச்சு மேடம்," என்றார்.

"எங்க பேசினீங்க?"

"சும்மா, ஸ்விம்மிங் பூல்ல குளிச்சிட்டு இருந்தப்போ. நீங்களும் வந்திருக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு ஆண்கள் அரை டவுசரோடு மிதக்கும் தண்ணீரில் நான் போய் இறங்கவா? இறங்கியிருந்தால் முதுகுக்குப் பின்னால் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் விடவில்லை, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். குரல் உயர்ந்துவிட்டது. பொறுமையாகக் கேட்டார்கள், அதுதான் கொடுமை. முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டால் பொறுமைக்கு என்ன பஞ்சம்? எதிர்த்துத் தூக்கிய கை என்னுடையது மட்டும்தான்.

"ஃபேக்டரில நீங்களே சொல்லிடுங்கம்மா," என்றார் தலைவர், ரொம்பக் கனிவாக. "லேடீஸ் சொன்னா லேடீஸ் புரிஞ்சுக்குவாங்க."

பிறகு கடலுக்கு முதுகு காட்டி ஒரு போட்டோ. வெப்சைட்டுக்காம். என்னைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள். அடப் பாவிகளா! ஒப்புக்குச் சப்பாணியாகத்தான் இந்த ஆட்டத்தில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறேன்.

நோட்டீஸைப் பார்த்து அந்தப் பெண்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நானே போனேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் என் பழைய தோழி. ட்ரெய்னி காலத்தில் எனக்கு சீட் பிடித்து வைப்பவள், வாய்க்கு வாய் 'டி' போட்டுத்தான் கூப்பிடுவாள். எனக்குத் தனி அறை கொடுத்த நாளிலிருந்து 'மேடம்' ஆகிவிட்டேன். எத்தனையோ முறை திட்டிப் பார்த்தும் அவள் மாறவில்லை.

மாதக் கடைசியோடு பஸ் நிற்கப்போகிறது என்று சொன்னேன். பஸ் முழுக்க ஒரே கூச்சல். பின் சீட்டில் ஒரு பெண் அழத் தொடங்கினாள்.

"பஸ் இல்லாங்காட்டி என் வூட்டுக்காரன் வேலைக்கு வுடமாட்டான் மேடம்," என்றாள் தோழி. "நீங்களும் அங்கதானே இருந்தீங்க? இன்னா சொன்னீங்க?"

"வேணாம்னு சொன்னேன். சண்ட போட்டேன்."

"கேக்கலியா?"

"நான் போறதுக்கு முன்னாடியே அவங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டாங்க."

என் முகத்தையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"உக்காருடி," என்றாள். "எங்க வூட்லயும் இதே கததான்."