எமனை வடக்கே நிறுத்திவிட்டுத் தர்மபுரிக்குப் போனேன்

1986, ஆனி மாதம். பொம்மிடியில் கடைகளுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் ஊர் ஈசுவரன் கோயில் மண்டபக் கூரையில் எட்டுத் திசைக் காவலர்களையும் தீட்டும் வேலை கிடைத்திருந்தது. கிழக்கே இந்திரன், தெற்கே எமன், மேற்கே வருணன், வடக்கே குபேரன், மூலைக்கு ஒருவராக இன்னும் நாலு பேர். பஞ்சாங்கத்தில் வட்டமாகப் போட்டிருந்த படத்தைப் பார்த்து, சாரத்தில் மல்லாந்து படுத்தே இருபது நாளில் முடித்தேன். கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தர்மகர்த்தா மாதையன் வந்து அண்ணாந்து பார்த்தார்.

“ஏப்பா, எமன் வடக்கால நிக்கறானே? குபேரன் தெக்கால?”

படத்தில் உள்ளபடியேதான் போட்டிருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தர்மபுரிக் கோட்டைக் கோயில் கூரையிலும் இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள் என்று அடித்துவிட்டேன். உண்மையில் நான் அந்தக் கோயிலுக்குள் காலே வைத்ததில்லை.

“அப்ப போயிப் பாத்துட்டு வந்து சொல்லு. இல்லீன்னா சேலத்து ஆளக் கூப்புட்டு அழிச்சு எழுதிக்கறோம்.”

என் முதல் கோயில் வேலை அது. இன்னொருவன் வந்து அழித்தால் அப்புறம் பெட்டிக்கடைக்காரர்கூட என்னைக் கூப்பிட மாட்டார். நான் சொன்னதே சரி என்று காட்டியே தீருவது என மறுநாள் கிளம்பினேன்.

காலை 6.10 பேருந்து. டிக்கெட் மூன்று ரூபாய் நாற்பது காசு. சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மாம்பழக் கூடைகளை ஏற்ற நின்ற நேரமே பாதி. பேருந்து நிலையத்தில் இட்லியும் டீயும் ஒன்றரை ரூபாய். அங்கிருந்து இருபது நிமிட நடை.

மண்டபத்துக்குள் இருட்டு. கண் பழகியதும் கூரைக் கல்லில் எட்டுப் பேரும் வாகனங்களோடு தெரிந்தார்கள். எமன் தெற்கே இருந்தான். விடுவேனா? கிழக்கு எது என்று இரண்டு பேரிடம் கேட்டேன். எமன் நகரவில்லை. பஞ்சாங்கத் தாளைத் தலைக்கு மேல் பிடித்து, இந்திரனைக் கிழக்கே வைத்து ஒப்பிட்டேன். தாளில் எமன் வடக்கே, கல்லில் தெற்கே. அன்றைய கல்தச்சர்தான் தப்புச் செய்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்!

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, எத்தன நேரமாக் கழுத்த ஒடிச்சுக்கறீங்க? அந்தத் தாளத் தரையில வெச்சுப் பாருங்களே.”

வைத்தேன். இந்திரன் கிழக்கே வரும்படி திருப்பினேன். எமன் தானாகத் தெற்கே போய்விட்டான். அவனுக்கு நேர் மேலே கல் எமன். தரையில் வைத்துப் பார்க்க வேண்டிய படத்தை நான் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்து வரைந்திருக்கிறேன். படம் கீழே பார்க்கும்படி மேலே தூக்கினால் வடக்கும் தெற்கும் இடம் மாறிவிடும். வெட்கத்தில் காது சுட்டது. ஆறு பேரை இடம் மாற்றியிருந்தேன். இந்திரனும் வருணனும் மட்டும் பிழைத்தார்கள்.

பதினோரு மணிப் பேருந்தில் திரும்பும்போது ஒரு குறுக்குப் புத்தி. இதற்காக யார் தர்மபுரி வரை வந்து பார்க்கப் போகிறார்கள்? ‘அங்கேயும் இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டால் என்ன? ஊர் போய்ச் சேர்ந்து, நான் வரைந்த எமனுக்குக் கீழேயே நின்று பொய் சொல்ல மட்டும் துணிச்சல் வரவில்லை.

“தப்பு என்னுதுதானுங்க. ஆறு பேரையும் நானே அழிச்சு எழுதறனுங்க. பத்து நாள் குடுங்க” என்றேன், ஊரார் முன்னிலையில்.

மாதையன் கூரையில் கிழக்கையும் மேற்கையும் பார்த்தார். “ரெண்டு பேரு சரியாத்தான நிக்கறாங்க. சாரத்தப் பிரிக்க வேண்டாம்னு சொல்லீர்றன், ஏறு.”

ஒன்பதாம் நாள் முடித்தேன்.

தர்மபுரிக் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். டார்ச் ஒன்று அவசியம். கையில் படம் இருந்தால் தயவுசெய்து தரையில் வைத்து ஒப்பிடுங்கள். நேரம் இருந்தால் பொம்மிடிக்கும் வாருங்கள். எங்கள் கோயிலில் வடக்கே குபேரனின் தோளுக்குப் பின்னால் எருமைக் கொம்பு ஒன்று மங்கலாகத் தெரியும். அவசரத்தில் பூசிய பூச்சு சில வருடங்களில் வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு முறை அந்தக் கூரைக்கு நானே வர்ணம் அடித்தேன். இரண்டு முறையும் அந்தக் கொம்பை மட்டும் தொடாமல் விட்டேன்.