நான் ஓகே சொன்ன படகு

ஒரகடத்தில் கார் பெயிண்டைச் சோதிப்பது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறலும் போகாது என்ற திமிர் எனக்கு உண்டு.

தூத்துக்குடியில் கடல்தொழில் செய்யும் என் தங்கை கணவர், இந்தப் பக்கக் கடற்கரையில் ஒரு ஷெட்டில் விற்பனைக்குக் கிடந்த, அடிப்பாகம் இரண்டு அடுக்காக உள்ள பழைய ஃபைபர் மோட்டார் படகைப் பார்க்க வந்தார். நான் டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. அவர் குனிந்து, அடிப்பக்கம் தட்டக் கையை ஓங்கினார். அதற்குள் நான், "ஓகே மாப்ள, வாங்கலாம்" என்றேன். ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார்.

விற்பவர் பேப்பர் எடுக்க உள்ளே போனார். ஷெட் பெயிண்டர் அவசரமாக அருகே வந்தார்.

"சார், நான்தான் பெயிண்ட் அடிச்சேன். உள்ள விரிசல் வுட்டு தண்ணி ஊறிக்கினு கீது. தட்டிப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, வேல பூடும்."

மாப்பிள்ளை தட்டினார். டங், டங் என்று வந்த சத்தம், நடுவில் நனைந்த மூட்டையைத் தட்டியதுபோல் தொப்பென்று அமுங்கியது. உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் நெருங்கியது.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு மாப்பிள்ளை கிளம்பினார்.

பஸ்ஸில் மெதுவாகச் சொன்னார்: "தட்டத்தான் கையத் தூக்குனேன் மச்சான். நீங்க ஓகேன்னுட்டீங்க, விட்டுட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் என்றோ மறந்திருப்பேன்.