வலைத்தொப்பிக்குள் அடங்காத முடி

மெர்லிமாவ் ஊர்ப் பக்கத்தில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் செய்து, உறையவைத்துப் பொட்டலம் கட்டும் சிறிய ஃபேக்டரி ஒன்றில் சுத்தத்துக்குப் பொறுப்பு நான்தான். சேர்ந்த முதல் மாதமே மலாயிலும் தமிழிலும் அறிவிப்பு எழுதிச் சுவரெல்லாம் ஒட்டினேன். மோதிரத்தைக் கழற்றுங்கள், கை கழுவுங்கள், முடியை வலைத்தொப்பிக்குள் முழுவதும் அடக்குங்கள். யாரும் நின்று படித்ததாகத் தெரியவில்லை. தினமும் கத்தினேன். நான் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்கு. முதுகைத் திருப்பினால் தொப்பி பின்னால் நகர்ந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, பிசைந்த மாவில் நீளமாக ஒரு முடி கிடந்தது. மிஷினை நிறுத்தி, அந்தத் தொட்டி மாவு முழுவதையும் கொட்டச் சொன்னேன். காலையிலிருந்து பட்ட பாடு குப்பைக்குப் போனதில் எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. மாவு உருட்டும் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும் பேசினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தங்கச்சி, நீங்க சொல்றது தப்பில்ல. ஆனா முடி வெளிய வந்துருச்சான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க தலைய நாங்களே பார்க்க முடியுமா?"

அந்தக் கட்டடத்தில் கண்ணாடி இருந்தது என் ஆபீஸில் மட்டும்தான்.

அந்த வாரக் கடைசியில் தெங்கேரா கடைத்தெருவில் பெரிய கண்ணாடி ஒன்று வாங்கினேன். கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அதைப் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் ஹெல்மெட்டைத் தூக்கி, அதைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார்.

வாசலில் மாட்டிய முதல் நாள் ஒரே கூட்டம், ஒரே சிரிப்பு. வேலை தொடங்கத் தாமதமாகி மேனேஜர் முறைத்தார். ஆனால் ஒருத்தர் தலையை இன்னொருத்தர் பார்த்து, "பின்னாடி ஒண்ணு நிக்குதுக்கா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

சில நாள் கழித்து அவசரமாக உள்ளே நுழைந்த என்னையே அக்கா மறித்தார்.

"நில்லுங்க லா! காதுகிட்ட முடி."

வரிசை முழுக்கச் சிரிப்பு. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தேன். அடுத்த வாரம் மேனேஜரின் தாடிக்கும் உறை போடவைத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் கேட்டேன். "நான் அவ்வளவு கத்தினப்போ ஏன்க்கா யாரும் கேக்கல?"

"அப்ப நீங்க வரீங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தோம். இப்ப முடி இருக்கான்னு பார்க்கிறோம்."

தீபாவளிக்கு அக்கா வீட்டில் விருந்து. பருப்புக் கறியோடு சூடாக ரொட்டி சானாய் வந்தது. எங்கள் ஃபேக்டரிப் பொட்டலம்தான்.

"பயப்படாம சாப்பிடுங்க," என்று மற்ற விருந்தாளிகளிடம் சொன்னார், "நாங்க செஞ்சது."

நான் மூன்று சாப்பிட்டேன்.