சூடு காட்டாத தட்டு

வெயில் தாங்கும் பயிரைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள் நான். அந்தப் பயிரையே பூட்டிய காருக்குள் வேகவிட்டுத் தோசை தின்றவளும் நானேதான்.

கிள்ளானில் நாற்று வளர்க்கும் கூடத்திலிருந்து இரண்டு தட்டு நெல் நாற்றுகளைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். வழியில், அம்மா கேட்ட மல்லிகைச் சரத்துக்காக பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இறங்கினேன். "இப்பவே கார்ல வச்சா வாடிடும் தங்கச்சி, சாப்பிட்டு வந்து எடுத்துக்கங்க லா," என்று பூக்கடை அண்ணன் சரத்தை ஐஸ் பெட்டியிலேயே விட்டுவைத்தார். நானும் தலையாட்டிவிட்டுத் தோசைக்கடைக்குள் போனேன். நாற்று நினைவுக்கே வரவில்லை. என்ன புத்தியோ!

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டுக்கு மட்டும் சூடு காட்டினேன்; ஒப்பிட்டுப் பார்க்க மற்றதை அப்படியே விட்டேன். சூடு பட்டால் செடி சில சின்னப் புரதங்களை அவசர அவசரமாகச் செய்துகொள்ளும். மற்ற புரதங்கள் வெந்த முட்டைபோலத் திரண்டுவிடாமல் அவை பிடித்துக்கொள்ளும். சூடு படாத இலையில் அவை தென்படாது. எனக்கோ சோதனைப் படத்தில் இரண்டு தட்டின் இலைகளிலும் அவை கருப்புக் கோடாகத் தெரிந்தன.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சூடு காட்டாத தட்டுக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அப்போதுதான் எனக்குக் காரும் தோசையும் ஞாபகம் வந்தன. ஞாபகம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். ஆய்வுக்கூடத்து மேசை துடைக்கும் அக்கா தட்டை ஜன்னலோர வெயிலில் நகர்த்தி வைத்திருப்பார் என்றேன். நாக்கு கூசவே இல்லை.

தினமும் என்னிடம் "சாப்டியாம்மா" என்று கேட்கும் அக்கா அவர். கூப்பிட்டு விசாரித்தார்கள். மறுத்துவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயம். "துடைக்கிறப்ப நகர்த்தினேனோ என்னவோ, ஞாபகம் இல்லையே. தெரியாம செஞ்சிருப்பேன், மன்னிச்சிடும்மா," என்று என்னைப் பார்த்தே கை கூப்பினார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவரைக் கழிவறை கழுவும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் புதிதாக நாற்று வளர்த்து, சரியான படம் எடுத்து, பட்டமும் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் பத்துமலைக் கோயிலில் அவரைப் பார்த்தேன். கூட்டத்துக்குள் நழுவத்தான் பார்த்தேன். அவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் செடி சரியாயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சுக்கா."

"அப்பாடா! இத்தன நாளா மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்பல்லாம் யாரு சாமானையும் தொடறதே இல்ல லா, சுத்தித்தான் துடைக்கிறேன்."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லித் தொலை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"விடுங்கக்கா, தெரியாமத்தானே செஞ்சீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன், வெட்கங்கெட்டவள்.