ஐந்து சேனல் போதாதென்று

மழையில் கேபிள் அறுந்து, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு டிவியும் நெட்டும் போயிருந்தன. அன்று மாலைதான் என் மனைவி மீனா முதன்முறையாக டிவி நேரலையில் பாடப்போகிறாள். விடுவேனா? கேபிள் இல்லாமலே டிவி பிடிக்கும் ட்யூனர் ஸ்டிக்கை லேப்டாப்பில் செருகி, குட்டி ஆன்டெனாவை ஜன்னல் கம்பியில் கட்டி ஸ்கேன் செய்தேன். ஐந்து சேனல்கள் வந்தன. அவள் பாடும் சேனலும் இருந்தது.

"போறும் மாப்பிள்ளே, இனி அதைத் தொடாதேங்கோ" என்றார் மாமனார்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. இன்னும் சில சேனல்கள் கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆன்டெனாவைத் திருப்பி மறுபடி ஸ்கேன் கொடுத்தேன். ஒரு சேனலும் சிக்கவில்லை; புதிய ஸ்கேன் பழைய பட்டியலையும் அழித்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடினேன். ஒருவழியாக ஐந்தும் திரும்பி வந்தபோது மீனாவின் பாட்டு முடிந்து, அந்தச் சேனலில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் என்னைத் திட்டவேயில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஸ்டுடியோவிலிருந்து திரும்பிய மீனா பட்டுப்புடவையோடு உள்ளே ஓடிவந்தாள். "அப்பா, எப்படி இருந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நேக்குக் காது சரியில்லடீ. ஒண்ணும் கேக்கலை. இன்னும் ஒருக்கால் இங்கே பாடேன்."

காது மந்தம் என்று சொன்ன டாக்டரோடு சண்டை போட்டுவிட்டு வந்த மனிதர் அவர்.

மீனா அவர் காலடியில் உட்கார்ந்து பாடினாள். அவர் தொடையில் தட்டிய தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை. என் கை அப்போதுதான் சும்மா இருந்தது.