பா என்றால் பார வண்டி

எண்ணுவதுதான் எங்கள் படிப்பு என்று அப்போது நினைத்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம், சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம், போக்குவரத்துப் பாடம். ஒரு தெருவில் எத்தனை சைக்கிள், எத்தனை லாரி, எத்தனை பார வண்டி போகிறது என்று பார்த்து, சாலை எவ்வளவு அகலம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். நன்றாகச் செய்கிற ஒருவனுக்கு நெடுஞ்சாலை வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஒரே கடிதம். அது எனக்கு வேண்டும். பசியைப் போல வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டேன். மூன்று விடியல். பனியில் நனைந்த நோட்டு, மரத்துப்போன விரல்.

“இன்னாபா, வண்டிய எண்ணிக்கினே நிக்கிறியே, எப்போ ஒண்ணு வாங்கப் போற?” என்றாள் எதிர்வீட்டுத் தறிக்காரம்மா.

நெசவாளர்கள் தறியில் ஏற்றும் முன் பட்டு நூலைப் பாவாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டால் எந்த வண்டியும் நுழையாது. அப்படிக் கட்டிய ஒவ்வொரு பாவுக்கும் ‘பா’ என்று ஒரு கோடு போட்டேன்.

விடுதியில் என் அறைத்தோழன் சென்னைக்காரன். “பாத்துட்டுத் தரேன்டா” என்று நோட்டை வாங்கினான். அடுத்த வாரம் வகுப்பில் அவன் வாயிலிருந்து என் விடியல்கள் வரிசையாக வந்தன.

“அந்தச் சின்னத் தெருவுல மூணு நாள்ல இருபத்தேழு பார வண்டியா?” என்றார் பேராசிரியர்.

“ஆமா சார். நானே நின்னு எண்ணினேன்.”

நான் எழுந்துவிட்டேன். “சார், அது வண்டி இல்ல, பாவு. நூலு சார். அந்தக் கணக்கு என்னோடது.”

வகுப்பே சிரித்தது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “எண்ணறத யார் வேணா எண்ணலாம்பா. அறிக்கை எழுதறவன்தான் இன்ஜினியர். அந்த ஒரு வரியைத் திருத்திடச் சொல்றேன்.”

கடிதம் அவனுக்குப் போயிற்று.

அன்று வகுப்பை விட்டு வெளியே வந்ததும் தோளில் கை போட்டான். “கோச்சிக்காதடா, வா, டீ சாப்பிடலாம். அது இன்னாடா பாவு?”

போனேன். சொன்னேன். அறுந்த இழையை விரல் எப்படித் தேடி முடிச்சுப் போடும், பால்காரர் கூட முனகாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எப்படிச் சுற்றிப் போவார், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே தெரு அழகாகிக்கொண்டு வந்தது.

நான் ஒரு பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடச் சேர்ந்த மாதம் அவன் பார்க்க வந்தான். ஊர் வழக்கம் தெரியாமல் சாலை போடக் கூடாது என்று நெடுஞ்சாலை வேலை நேர்காணலில், டீ சாப்பிட்டபோது நான் சொன்னதையெல்லாம் விரிவாகச் சொன்னானாம். கேட்டவர்கள் சொக்கிப்போனார்களாம். அவனே சொன்னான், சந்தோஷமாக.